பேசிக்கொண்டே அடிப்பதா, பேசவிட்டு அடிப்பதா?

வரும் ஜனவரியில் எங்கள் குழுவுக்கு இருபது நிமிடம் கிடைத்திருக்கிறது. நூறு பேர் உட்காரும் அறை, ஒரு சாண் உயர மேடை, வெறும் சிமெண்ட் சுவர். நாங்கள் நான்கு பேர்: ஒரு மிருதங்கம், ஒரு கஞ்சிரா, ஒரு கடம், மேற்கத்திய தாளவாத்தியம் படித்த நான். பாட்டு இல்லாமல், பேச்சும் தாளமும் மட்டும் சேர்ந்த ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. 20ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் இதற்கென்றே எழுதப்பட்ட உருப்படிகள் உண்டு. நான்கைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மாதமாக வாசித்தும் பேசியும் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கும் மற்ற குழுக்களுக்கு உதவும் என்று எங்கள் கணக்கை எழுதி வைக்கிறேன்.

தாளச் சொற்களை வாயாலேயே சொல்லும் கொன்னக்கோல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று முதலில் கேட்டவர் எங்கள் கஞ்சிரா அண்ணன்தான். நியாயமான கேள்வி. நாக்கு சொன்னதைக் கை வாசிப்பது நமக்குப் பால பாடம். ஆனால் தகதிமிக்கு அர்த்தம் கிடையாது. தாளத்துக்கு நடுவே ‘அம்மா’ என்று ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். கேட்பவரின் காது அந்த நொடியே அடியை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். யாருடைய அம்மா, என்ன ஆயிற்று என்று மனது அங்கே போய்விடும். வாசிப்பவர் அதற்கு இடம் விட வேண்டும். அந்த இடம் விடுவதுதான் எங்களுக்கு வரவில்லை. முதல் வாரம் எந்த வாக்கியத்தைக் கையில் கொடுத்தாலும் அதைக் கோர்வையாக்கி, மூன்று தரம் சொல்லி, தாளத்தின் முதல் அடியான சமத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவோம். தாளம் சுத்தமாக இருக்கும். என்ன சொன்னோம் என்று எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் நான்கையும் ஒப்பிடும்போது நான் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: பேசுவது யார்? அடிப்பவரே பேசுகிறாரா, அல்லது பேசுவதற்கு என்று தனியாக ஓர் ஆள் நிற்கிறாரா? இது தெரிந்துவிட்டால் எத்தனை மைக், எத்தனை ஒத்திகை, எவ்வளவு செலவு என்பதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

முதலில் எடுத்தது அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1940இல் எழுதிய ‘லிவிங் ரூம் மியூசிக்’. நான்கு பேருக்கு எழுதியது. ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாத்தியம் என்று எதுவும் வாங்க வேண்டாம், வீட்டுக் கூடத்தில் கிடப்பதே போதும்: ஒருவருக்குப் பத்திரிகை அல்லது அட்டை, ஒருவருக்கு மேஜை, ஒருவருக்குத் தடித்த புத்தகங்கள், ஒருவருக்குத் தரை, சுவர், கதவு. இரண்டாம் பகுதியின் பெயர் ‘ஸ்டோரி’. அதில் பொருள்களைக் கீழே வைத்துவிட்டு நால்வரும் வாயாலேயே வாசிக்க வேண்டும். மொத்த உரையும் ஒரே வாக்கியம்தான். எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் 1939இல் வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்தின் தொடக்கம் அது. ஒரு காலத்தில் உலகம் உருண்டையாக இருந்தது, அதன்மேல் சுற்றிச் சுற்றி வரலாம் என்று பொருள்.

எழுதியிருக்கும் இசைக் குறிப்பைப் பார்த்தால் நான்கில் இதுதான் எளிது. எங்கள் வாயில்தான் சிக்கல் வந்தது. அந்த ஆங்கில வாக்கியம் ‘ரவுண்ட்’, ‘அரவுண்ட் அண்ட் அரவுண்ட்’ என்று போகிறது. தமிழில் வல்லின மெய்யில் சொல் முடியாது என்று இலக்கணத்தில் படித்திருப்போம். அது நாக்கிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் நால்வரும் ‘ரவுண்டு’, ‘அரவுண்டு அண்டு அரவுண்டு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒவ்வோர் உகரத்துக்கும் ஒரு சின்ன அடி கூடிவிடுகிறது. நான்கு குரல் ஒன்றின்மேல் ஒன்றாக வரும்போது அந்த உகரங்கள் எல்லாம் சேர்ந்து குழைந்துபோய், எழுதியிருக்கும் தாளமே காணாமல் போகிறது. வழி கண்டுபிடித்தவர் கடம் வாசிக்கும் தம்பி. “தத், தித்னு சொல்றப்ப கடைசி எழுத்துல நாக்கை ஒட்டி அங்கேயே விட்டுடுறோம் இல்லண்ணா, அதே மாதிரி விட்டுட்டா போதுமே” என்றான். அவன் சொன்ன அன்று மாலையே பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு மூன்று வாரம் பிடித்தது.

தமிழிலேயே சொன்னால் என்ன என்று தோன்றும். செய்து பார்த்தோம். ‘உலகம் உருண்டையா இருந்துச்சாம்’ என்று ஆரம்பித்தால் எழுத்துக் கணக்கே வேறு, அழுத்தம் விழும் இடம் வேறு. கேஜ் எழுதிய தாளத்தில் ஒரு வரிகூட மிஞ்சாது. முறையாகச் செய்ய வேண்டுமானால் பதிப்பாளரிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஏனென்றால் இந்த உருப்படியில் சொல்கூட ஒரு சத்தம்தான். அதுவே இதன் குறையும். ஏதோ ஒன்றை மக்களிடம் சொல்ல வேண்டும் என்று வருகிற குழுவுக்கு இது போதாது.

சொல்ல வேண்டும் என்ற வெறி இருந்தால் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் ஷெஃப்ஸ்கியின் ‘கமிங் டுகெதர்’ இருக்கிறது. நான்கில் என் மனது போய் உட்கார்ந்த இடம் அதுதான்.

1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நான்கு நாள் கழித்து, 13ஆம் தேதி, மாநிலக் காவல் படை துப்பாக்கியோடு உள்ளே போனது. அந்தச் சிறைக் கலவரத்தில் இறந்தவர்கள் மொத்தம் 43 பேர். அவர்களில் ஒருவர் சாம் மெல்வில். கட்டடங்களில் குண்டு வைத்த வழக்கில் தண்டனை பெற்று உள்ளே இருந்தவர். சில மாதங்களுக்கு முன் அவர் வெளியே எழுதிய ஒரு கடிதத்தின் சில வாக்கியங்களைத்தான் ஷெஃப்ஸ்கி எடுத்துக்கொண்டார். காலம் எப்படி இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அதில் வியக்கிறார். உடம்பும் மனதும் நன்றாக இருக்கின்றன என்கிறார். சத்தத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவில் தெளிவோடு நடந்துகொள்ள முடிகிறது என்கிறார். கீழ்ச் சுருதியில் ஒரு வரி, மூச்சு விடாமல், கடைசி வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. மற்ற வாத்தியங்கள் அதன் சுரங்களைப் பிடித்துத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த வாத்தியம் என்று அவர் கட்டிப்போடவில்லை. கிட்டத்தட்ட இருபது நிமிடம். எங்களுக்குக் கிடைத்த நேரம் அப்படியே சரியாகிவிடும்.

இதில் பேசுபவர் தனி ஆள். நவீன நாடகங்களில் நடிக்கும் நண்பர் ஒருவரை அழைத்தோம். கனத்த குரல், ஆங்கிலமும் நல்ல சுத்தம். அந்த ஓடும் வரியை நான் கீபோர்டில் பிடித்துக்கொண்டேன், மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அவர் குரல் ஏறிவிட்டது. பத்தாவது நிமிடத்தில் கத்திக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வரி முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. பின்னால் நான்கு பேர் வேகம் எடுத்தால் முன்னால் நிற்பவர் நடந்து போக முடியாது. ஆனால் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? தான் நிதானமாகவே நடந்துகொள்வதாகவும், அடுத்தவர் என்ன செய்கிறார் என்று சோதித்துப் பார்க்கும்போது தவிர உணர்ச்சி ஆர்ப்பாட்டத்துக்குப் போவது அரிது என்றும் மெல்வில் எழுதுகிறார். அதே வரியை நாங்கள் ஆர்ப்பாட்டமாகக் கத்திக்கொண்டிருந்தோம். அதைக் கவனித்த அன்று ஒத்திகையை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் நண்பரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் இன்னொரு நாற்காலி போட்டு ஒருவரை உட்காரச் சொன்னோம். கையில் தாள். எதிரில் இருப்பவருக்கு வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவது போல வாசியுங்கள், சபையைப் பார்க்கவே வேண்டாம் என்றோம். அன்று ஆறேழு நிமிடம் சரியாக வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் பிறகு வெகு நேரம் யாரிடமும் பேசவில்லை. அந்த ஆறேழு நிமிடத்தை இருபது நிமிடமாக்க எங்களுக்கு ஆறு மாதமாவது வேண்டும்.

இன்னொரு தடை ஒலி. ஓர் ஆணின் பேச்சுக் குரலின் அடிப்படைச் சுருதி 100 ஹெர்ட்ஸுக்கும் 150க்கும் நடுவில் எங்கோ இருக்கும். மரப் பலகைகளைக் குச்சியால் அடித்து வாசிக்கும் மரிம்பாவின் கீழ்ப் பலகைகளும் கிட்டத்தட்ட அங்கேதான் ஒலிக்கின்றன, மிருதங்கத்தில் கனத்த சத்தம் தரும் பக்கமான தொப்பியும் அந்தப் பக்கம்தான். குரலின் கனம் அதில் கரைந்துவிடும். சொல்லைப் புரியவைக்கும் மெய்யெழுத்துகளின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது; கஞ்சிராவின் சில்லு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக, மேலும் கீழும் குரலுக்கு இடமில்லை. கஞ்சிராவின் சில்லில் துணி சுற்றினோம், தொப்பியைப் பாதியாகக் குறைத்தோம். அப்படியும் மைக் இல்லாமல் முடியாது. சிமெண்ட் சுவர் உள்ள அறையில் மைக் வைத்தால் எதிரொலி. ஒலியைத் தெரிந்து கையாளும் ஒருவர் உங்கள் குழுவிலேயே இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

அமெரிக்க இசையமைப்பாளர் காரலைன் ஷா 2012இல் சோ பெர்கஷன் என்ற தாளவாத்தியக் குழுவுக்கு எழுதிய ‘டாக்ஸிடெர்மி’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நால்வருக்கானது, சுமார் ஒன்பது நிமிடம். பூந்தொட்டிகளோடு மரிம்பாவும், அதுபோலவே உலோகப் பலகைகள் கொண்ட வைப்ரஃபோனும் வேண்டும். முடிவுக்கு நெருங்கும்போது வாசிப்பவர்களே ஒரு சிறிய வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், டி. எஸ். எலியட்டின் கவிதையில் வருவது. வடிவத்தின் நுணுக்கமே அசைவு என்கிற கருத்து. குரலை உயர்த்த வேண்டியதில்லை, நடிக்க வேண்டியதில்லை, பேச்சு இசைக்குள்ளிருந்தே முளைத்து வருகிறது. இந்த நான்கில் குழு என்ற வகையில் அழகாக உட்காருவது இதுதான். மரிம்பாவும் வைப்ரஃபோனும் உள்ள இசைக் கல்லூரி மாணவர்கள் மறு யோசனை இல்லாமல் இதை எடுத்துக்கொள்ளலாம். எங்களிடம் இரண்டும் இல்லை. வாடகைக்கு விசாரித்தபோது சொன்ன தொகையும், வண்டியில் ஏற்றி இறக்கும் கூலியும் சேர்ந்து எங்கள் மொத்தச் செலவுக் கணக்கையே தாண்டிவிட்டன. கீபோர்டில் அந்தச் சத்தங்களை வரவைத்துச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்காவதும் ஷெஃப்ஸ்கிதான்: 1985இல் எழுதிய ‘டு தி எர்த்’. ஒருவர் மட்டும் வாசிப்பது. குழுவுக்கான பட்டியலில் இதை ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன். நான்கு பூந்தொட்டிகள், ஒரு வாய். வாசிப்பவரே பேச வேண்டும். உரை, ஹோமரின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்கத் துதி ஒன்று. எல்லோருக்கும் தாயான பூமியை வாழ்த்துகிறது. தரையில் நடப்பது, கடலில் நீந்துவது, வானில் பறப்பது எல்லாம் உன் வளத்தில்தான் வாழ்கின்றன என்கிறது. எளிதாகத் தூக்கிப் போகும் சிறு வாத்தியங்களுக்கு ஏதாவது வேண்டும் என்று ஜான் (Jan) வில்லியம்ஸ் என்ற தாளவாத்தியக் கலைஞர் கேட்டதால் எழுதியது. தொட்டியின் சத்தம் அழகு, தூக்கிப் போகவும் வேண்டாம், போகிற ஊரிலேயே நான்கும் சேர்த்து சுமார் ஒரு டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஷெஃப்ஸ்கியே குறிப்பு எழுதியிருக்கிறார்.

அந்த ‘போகிற ஊரிலேயே’ என்பதை நம்பி நானும் கடம் தம்பியும் ஒரு சாலையோர நர்சரிக்குப் போனோம். அடுக்கி வைத்திருந்த மண் தொட்டிகளில் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தோம். பெரும்பாலானவை ‘தொப்’ என்றன. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் அந்தச் சத்தம்தான் வரும். வேலை முடித்துவிட்டு வந்த கடைக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அதையெல்லாம் விடு தம்பி, பின்னாடி வரிசையில பாரு. நல்லா வெந்த தொட்டிதான் பேசும்” என்றார். பின்வரிசையில் நிறம் கறுத்துச் சிவந்த தொட்டிகள் இருந்தன. சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தவையாம். கவிழ்த்துப் பிடித்து, அடித் துளையில் விரல் விட்டுத் தூக்கித் தட்டினால் மணிபோல ஒலித்தது. சுருதி பார்த்துப் பொறுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்கும் சேர்த்து 320 ரூபாய்.

வீட்டுக்கு வந்து துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்தேன். குச்சியின் நுனியில் நூல் சுற்றினேன். மெதுவாக அடித்துக்கொண்டே அந்தத் துதியின் முதல் வரியைச் சொன்னதும் புரிந்தது, இரண்டு மாதமாக எங்களுக்கு வராதது இதில் தானாக வருகிறது. கை ஓடும்போது வாயால் வேகமாகப் பேச முடியாது. மூச்சு ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கையும் வாயும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சொல்லுக்கு இடம் விடு என்று வெளியிலிருந்து யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொட்டியின் சத்தம் சின்னது, அதனால் குரலை உயர்த்தவும் தோன்றாது. நூறு பேர் அறையில் மைக் வேண்டாம்.

தேர்வுக்கு எடுக்காத இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வின்கோ குளோபோகாரின் ‘டூஷே’ (1973), ஜார்ஜ் அபெர்கிஸின் ‘ல கோர் ஆ கோர்’ (1978) இரண்டுமே வாசிப்பவரே பேசும் வகையில் சிகரங்கள். முன்னதில் கலிலியோவைப் பற்றிய பிரெக்டின் நாடகக் காட்சிகளைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே, ஒவ்வோர் உயிரொலிக்கும் ஒத்த சத்தத்தை வாத்தியத்தில் தேடிப் பொருத்த வேண்டும். பின்னதில் ஸர்ப் என்ற பாரசீகத் தோல் வாத்தியத்தோடு சொற்கட்டுபோலவே எழுத்துகள் ஓடி, போகப் போகக் கதையாகின்றன. நம்மவர்கள் கேட்டால் வியந்துபோவார்கள். ஆனால் இரண்டும் தனி ஆளின் ஆண்டுக்கணக்கான உழைப்பு, அதுவும் பிரெஞ்சில். ஜனவரிக்கு ஆகாது.

சொந்தமாகத் தமிழில் ஒன்று கட்டலாமே என்ற பேச்சும் வந்தது. வில்லுப்பாட்டை முன்னால் வைத்து யோசித்தோம். அதில் புலவர் கதை சொல்லும்போது உடுக்கையும் குடமும் அடங்கிக்கொள்கின்றன. பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்று பிடித்துக்கொள்கிறார். வரி முடிந்த பிறகே வாத்தியம் எழுகிறது. சொல் ஒருபோதும் தாளத்தில் மூழ்காது. ‘கமிங் டுகெதர்’ ஒத்திகையில் நாடக நண்பரோடு நாங்கள் பட்ட பாட்டுக்கு அங்கே பதில் இருந்திருக்கிறது. இருந்தாலும் மூன்று மாதத்தில் அவசரமாக எழுதிய ஒன்றை மேடையேற்ற வேண்டாம் என்றுதான் நான் வாக்களித்தேன்.

கஞ்சிரா அண்ணன் வேறொரு யோசனை வைத்தார். பூமித் துதிக்கு முன்னால் அவ்வையாரின் ‘வாழிய நிலனே’ என்று முடியும் புறநானூற்றுப் பாட்டைச் சொல்லிவிடலாம் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வை சொல்வது, மனிதர் நல்லவரானால் நிலமும் நல்லது என்று. கிரேக்கத் துதி சொல்வது, பூமி மனம் வைத்தால் மனிதருக்கு வாழ்வு என்று. ஒன்றின் பின்னால் ஒன்றாக வைத்தால் இரண்டும் ஒரே பேச்சு என்று கேட்பவர் எண்ணிவிடுவார். அதற்குப் பதிலாக அந்தத் துதியின் பொருளையே நல்ல தமிழில் எழுதி, வாத்தியம் எதுவும் இல்லாமல் அண்ணனே முதலில் வாசிக்கட்டும், பிறகு ஆங்கிலத்தில் தொட்டிகளோடு நான் வாசிக்கிறேன் என்று முடிவானது. கேட்பவர் கதையைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது சொல்லைத் துரத்தாமல் சத்தத்தையும் கேட்க முடியும்.

ஆகவே ஜனவரிக்கு: நால்வரும் சேர்ந்து ‘லிவிங் ரூம் மியூசிக்’, அது முடிந்து மேஜையையும் புத்தகங்களையும் எடுக்காமலேயே அண்ணனின் தமிழ் வாசிப்பு, பிறகு அதே மேஜையில் நான்கு தொட்டிகள். கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது நிமிடம். நால்வர் வாயையும் பழக்க ஒன்று, மூச்சைப் பழக்க ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அடிப்பவரே பேசுகிறார். அதற்காகத்தான் இந்த ஜோடி. ‘கமிங் டுகெதரை’ அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறோம், கைவிடவில்லை. நாடக நண்பர் கடிதத்தின் தாளை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். தினம் ஒரு தரம், யாராவது ஒருவருக்கு எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறாராம்.

இப்போதைக்கு ஒரு வேலை பாக்கி. தொட்டிகளைப் பத்து நாள் வாசித்த பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் சுருதியில் ரொம்ப நெருங்கியிருப்பது காதில் உறுத்துகிறது. சனிக்கிழமை சூளையிலிருந்து புது லோடு இறங்கும் என்று நர்சரி அம்மா சொல்லியிருக்கிறார். இறக்கும்போதே வந்துவிடு, வெந்ததாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைக்கிறேன் என்றார்.